மூடி வைத்த கை

இளங்கோ செத்துப்போன அறையில் பஞ்சு விழுந்துகொண்டே இருந்தது.

எதிர்ச் சந்தில் பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் கம்பெனி. ஜன்னலைச் சாத்தினாலும் ஒன்றுதான், திறந்து வைத்தாலும் ஒன்றுதான். வீரபாண்டியில் இதையெல்லாம் யாரும் பேச்சுக்கு எடுப்பதில்லை. கட்டில், அலமாரி, சுவிட்சுப் பெட்டி என்று எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக ஒரு வெள்ளை படிந்திருந்தது. பையன் போன நாளிலிருந்து இந்த அறையை யாரும் கூட்டவில்லை என்பது சித்ரகலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

மேஜைமேல் ஒரு ப்ளைவுட் பலகை. அதன்மேல் பெட்டி இல்லாமல் அப்படியே திறந்து கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர். முறம் அகலத்துக்கு ஒரு போர்டு. அதில் பக்கத்துக்கு ஒன்றாக, பிராசஸரின் சூட்டை இழுக்கிற இரண்டு அலுமினியக் கோபுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விசிறி. கீழே செங்கல் கனத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கரண்டு கொடுக்கிற பவர் பாக்ஸ் இருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது.

"ரெண்டு மூளைங்க்கா இதுக்கு," என்றான் மருதாசலம். "எங்கப்பன் எனக்கு ஒண்ணு வெச்சதையே நான் இன்னும் முழுசா ஓட்டிப் பாக்கல."

மருதாசலம் அவளிடம் வேலைக்கு வருவதற்கு முன் அவிநாசியில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். கடையைத் திறந்த நாளை விட மூடிய நாளில்தான் கூட்டம் அதிகம் வந்தது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பதும் குடோனில் காணாமல் போகும் நூல் மூட்டைகளைத் தேடுவதுமாக ஓடிக்கொண்டிருந்த சித்ரகலாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு, அவனுடைய கடை மூழ்கியது ஒருவகையில் லாபம்.

"எக்ஸ்போர்ட் கம்பெனியில ராத்திரி பகலா ஓடின சர்வர் இது. இப்ப எல்லாரும் வேற ஏற்பாட்டுக்குப் போயிட்டாங்க. பழசெல்லாம் எடைக்குப் போகுது. சிவராஜ் மாதிரி ஆளுக அதை வாங்கி, ஒரு கார்டைச் செருகி, கேம் விளையாடற கம்ப்யூட்டரா மாத்திக் குடுக்கறாங்க. புதுசுல கால்வாசி விலை. கரண்டு பில்லு மட்டும் கொஞ்சம் முழி பிதுங்க வெக்கும். சத்தம் வேற, மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். அதுக்கென்ன, இந்த ஊர்ப் பசங்க மில்லு சத்தத்துலதான பொறந்தாங்க."

அந்தச் சிவராஜ் இப்போது ஜெயிலில் இருந்தான்.

உயிருக்கு ஆபத்தான பொருளைப் பில் கூட இல்லாமல் விற்றான் என்று வழக்கு. இளங்கோவின் சொந்தக்காரர்கள் அவன் கடையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். மறுநாள் காலை ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது. அவன் மனைவி கோமளா சித்ரகலாவின் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், "அவரு வித்தது நல்ல பொருளுங்க. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க," என்று கேட்டாள். அழாமல் கேட்கிறவர்களிடம் சித்ரகலாவால் எப்போதும் மறுக்க முடிந்ததில்லை.

நடந்தது என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிளக் செருகியபடி இருக்க, இளங்கோ பவர் பாக்ஸைக் கழற்றி உள்ளே டெஸ்டரை வைத்திருக்கிறான். மின்சாரம் அவனை விடவில்லை. பாக்ஸ் கெட்டுப்போனதால்தான் திறந்தான், கெட்ட பொருளைக் கொடுத்தவன் சிவராஜ். இது போலீஸ் சொல்லும் கதை. ஆனால் இன்று காலை மருதாசலம் ஸ்டேஷனில் ஒரு ஏட்டையாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து வேறொரு சேதி கொண்டுவந்திருந்தான். பாக்ஸைச் சோதித்துப் பார்த்தவர் அதில் ஒரு கோளாறும் இல்லை என்கிறாராம். அறிக்கை எழுத்தில் வர நாளாகும்.

"நல்லா இருக்கற பாக்ஸை எதுக்குத் திறந்தான்?" என்று கேட்டாள் சித்ரகலா.

"அதைத்தானுங்க்கா நானும் டீயைக் குடிச்சுட்டே யோசிச்சேன். டீதான் தீந்துது."

வாசலில் ராமாத்தாள் வந்து நின்றாள். இளங்கோவின் அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு. சிவராஜ் பக்கத்து ஆள் என்று தெரிந்தும் அவள்தான் கதவைத் திறந்து விட்டிருந்தாள். கையில் இரண்டு டம்ளர் தண்ணீர். அறைக்குள் காலை வைக்காமல் நிலைப்படிக்கு வெளியே நின்றே நீட்டினாள்.

"ஏனுங்க்கா, கம்ப்யூட்டர்ல என்ன ரிப்பேருன்னு தம்பி ஏதாச்சும் சொன்னானுங்களா?" என்று கேட்டாள் சித்ரகலா.

"ஸ்கிரீன் வரமாட்டீங்குதுன்னு பொலம்பிட்டே இருந்தானுங்க அம்மிணி. விசிறியெல்லாம் சுத்துது, லைட்டு எரியுது, படம் மட்டும் வரலையாமா. எனக்கு என்ன தெரியுமுங்க. அன்னைக்குக் காத்தால நான் வெள்ளெனவே கம்பெனிக்குப் போயிட்டனுங்க. அவுங்கப்பா நிட்டிங்குல செகண்ட் ஷிப்ட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவுங்கப்பா திருப்புளியிலதான் கழட்டியிருக்கறான். டூல்ஸ் டப்பாவை அவரு பூட்டித்தான் வெப்பாரு. நாங்க யாரும் தொடப்படாது. இவன் எப்புடி எடுத்தான்னுதான் இன்னும் தெரியலீங்க."

அவள் போன பிறகு சித்ரகலா மேஜையருகே குனிந்தாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு மருதாசலம் சொன்னது மட்டும்தான் தெரியும். தூசியைப் பற்றி அவளுக்கே தெரியும். எந்த வீட்டில் எது எத்தனை நாளாகத் தொடப்படாமல் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பாதித் தொழிலை நடத்துகிறவள் அவள்.

"மருது, இந்த ரெண்டு கோபுரத்தையும் பாரு."

ஒன்றின் அலுமினியத் தகடுகளுக்கிடையே பஞ்சு அடைத்துக் கம்பளி போலக் கிடந்தது. இன்னொன்றின் மேல் இந்தச் சில நாட்களின் மெல்லிய வெள்ளை மட்டும் இருந்தது. உள்ளே தகடுகள் பளபளத்தன. யாரோ கழற்றி, காற்றடித்து, துடைத்து மாட்டியிருக்கிறார்கள்.

"ஒண்ணை மட்டும் குளிப்பாட்டியிருக்கறாங்க," என்றான் மருதாசலம். பையிலிருந்து திருப்புளியை எடுத்தவன், ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினான். துடைத்த கோபுரத்தை மெல்லத் தூக்கினான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் குறும்பு ஒரு நிமிஷம் காணாமல் போயிற்று.

"அக்கா. ஊட்டுல ஆளில்ல."

பிராசஸர் இருக்க வேண்டிய சதுரத்தில் பிராசஸர் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத் துணி ஒன்று, நாலாக மடித்து, அளவாக, அடியில் உள்ள முடி போன்ற கம்பிகள் நசுங்காதபடி சட்டத்தின் மேல் வைத்து நூலால் கட்டப்பட்டிருந்தது.

இருவரும் ஒரே ஆளைத்தான் நினைத்தார்கள். மருதாசலம்தான் வாய்விட்டுச் சொன்னான். "ஒரு மூளையை வெச்சுட்டு ரெண்டுன்னு சொல்லி வித்துட்டானுங்களா, நம்ம ஆளு? கட்சிக்காரரையே காட்டிக் குடுத்தா நம்ம ஃபீஸு என்னாகும்?"

சித்ரகலா கோமளாவுக்குப் போன் போட்டாள். சிவராஜின் பழைய போன் அவளிடம்தான் இருந்தது. இளங்கோ வாங்கிப் போன பிறகு அனுப்பியது எதுவாக இருந்தாலும் எனக்கு அனுப்பு என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வீடியோ வந்தது. மருதாசலம் போனை வாங்கி அதை ஓடவிட்டான்.

இதே மேஜை. இதே ஜன்னல். ஸ்கிரீனில் வரிசையாக எழுத்துகள். பின்னாலிருந்து ஓர் இளங்குரல், சிரிப்பை அடக்க முடியாமல்: "சிவராஜண்ணா, பாருங்க, ரெண்டு பிராசஸரும் காட்டுது. ரெண்டும். என்ற ஃபிரண்டு ஒருத்தன் நம்பவே மாட்டீங்கறான். சத்தம் கேக்குதுங்களா? ஏரோப்ளேனு."

சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்தது. ராமாத்தாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். நிலைப்படியைத் தாண்டி முதல் தடவையாக உள்ளே வந்துவிட்டாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மருதாசலத்தின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

மருதாசலம் போனைக் கவிழ்த்து வைத்தான். "சவுண்டைக் குறைச்சிருக்கோணும்," என்றான், தனக்குத்தானே.

சிவராஜ் பொய் சொல்லவில்லை. இரண்டு பிராசஸரும் இங்கே வந்திருக்கின்றன, இந்த மேஜையில் ஓடியிருக்கின்றன. ஒன்று பிறகுதான் காணாமல் போயிருக்கிறது.

"ஒண்ணு இல்லாட்டி இது ஓடாதா?"

"ஓடுமுங்க்கா. அங்கதான் இருக்குது சூட்சுமம்." மருதாசலம் பலகையைத் தொடாமல் விரலால் காட்டினான். "இந்தப் போர்டு பாகம் பிரிச்ச பூமி மாதிரி. இந்தப் பக்கத்து ஸ்லாட்டெல்லாம் மூத்தவனுக்கு, அந்தப் பக்கத்து ஸ்லாட்டெல்லாம் இளையவனுக்கு. இளங்கோ கிராஃபிக்ஸ் கார்டைச் செருகியிருக்கறது இளையவன் பாகத்துல. இளையவனைத் தூக்கிட்டா கார்டைக் கேக்க நாதியில்ல. விசிறி சுத்தும், லைட்டு எரியும், ஸ்கிரீன் கருப்பாத்தான் கிடக்கும். கார்டைப் புடுங்கி இந்தப் பக்கம் செருகியிருந்தா அப்பவே படம் வந்திருக்கும். ஆனா உள்ள ஆளு இல்லீன்னு தெரிஞ்சாத்தான அப்புடித் தோணும்? மேல கோபுரம் கும்முன்னு உக்காந்திருக்குது. வெளியில இருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்குது. பவர் பத்தலையோன்னு எவனுக்கும் தோணும். எனக்கும் தோணும்."

"அதனால பாக்ஸைத் திறந்தான்."

"அதனாலதான்."

சித்ரகலா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "யாரு எடுத்திருப்பா?"

"கூட்டாளி எவனாச்சும் ஆட்டையைப் போட்டிருப்பான்னு சொல்லலாம். ஆனா அதை வித்தா ரெண்டு பேரு பிரியாணி திங்க முடியாதுங்க்கா. சும்மா குடுத்தாலே வாங்கறதுக்கு ஆளில்ல. இதை ஒருத்தன் களவாண்டா அவன் திருடனில்ல, முட்டாள்."

"திருடன் எடுத்துட்டுத் துணி போட்டு மூடி வெப்பானா?"

மருதாசலம் மறுபடி குனிந்து அந்தத் துணியைப் பார்த்தான்.

"மூடி வெக்கறவன் திரும்ப வெக்கறதுக்காக எடுத்தவன், மருது. உள்ளே பஞ்சு விழுந்துறக் கூடாதுன்னு பாத்திருக்கறான். அந்தத் துணியைப் பாரு. கம்பெனியில வெட்டிப் போடற கட்டிங் வேஸ்ட்டு மொடமொடன்னு இருக்கும். இது பல தடவை துவைச்ச துணி. ஊட்டுக்குள்ள இருந்த பழைய பனியன். முடிச்சைப் பாரு."

நூலின் முடிச்சு எள் அளவுக்கு இருந்தது. இரண்டு முனைகளும் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால், ஊசியில் சிக்காமல் போவதற்காகப் போடுகிற முடிச்சு. அந்த வேலையில் விரல் பழகியவனுக்கு வேறு முடிச்சு வராது. மளிகைப் பொட்டலம் கட்டினாலும் அதுதான் வரும்.

இந்த வீட்டில் அப்படிப்பட்ட விரல்கள் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தன.

இங்கே வரும்போது சித்ரகலா வேண்டிக்கொண்டே வந்திருந்தாள். எவனாவது ஓர் அந்நியனாக இருக்கட்டும், முகம் தெரியாத ஒரு கெட்டவனாக இருக்கட்டும் என்று. கெட்டவனைக் கண்டுபிடித்தால் தூங்கலாம். இந்தத் தொழிலில் அவளைத் தூங்கவிடாமல் செய்ததெல்லாம் நல்லவர்கள் செய்த காரியங்கள்தான். சமையலறையில் ராமாத்தாள் விழுந்த பாத்திரத்தை மறுபடியும் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சித்ரகலா வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினாள். மருதாசலம் தன் வண்டியில் பின்னாலேயே வந்தான்.

இளங்கோவின் அப்பா லிங்கசாமி வேலை பார்க்கிற நிட்டிங் கம்பெனி நாலு தெரு தள்ளி இருந்தது. பையன் போய்ப் பத்து நாள் ஆவதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று ஊரில் சிலர் முகம் சுளித்திருந்தார்கள். ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஏன் என்று சித்ரகலாவுக்குப் புரிந்தது. அந்த இரைச்சலில் மனசுக்குள் பேசுவதுகூடக் கேட்காது.

ஆளுயர வட்ட மெஷின்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு மெஷின் மட்டும் நின்றிருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, இடுப்பைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது.

லிங்கசாமி பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஃபிட்டர். கன்னத்தில் பத்து நாள் தாடி. சட்டைப்பையில் ஊசி டப்பா துருத்திக்கொண்டிருந்தது.

"வாங்க அம்மிணி. சிவராஜு ஊட்டுல இருந்து வாறீங்கன்னு சொன்னாங்க." கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"இந்த மெஷினை எதுக்குங்ணா மூடி வெச்சிருக்கீங்க?"

"ஆர்டர் கம்மிங்க. இது ஒண்ணை நிறுத்தி வெச்சிருக்கறோம். ஒண்ணு நின்னாலும் மத்தது பாட்டுக்கு ஓடுமுங்க."

"நிக்கற மெஷினுக்குத் துணி எதுக்கு?"

"மறுபடி ஓட்டோணுமில்லீங்க. பஞ்சு உள்ள போயிட்டா..."

அங்கேயே நின்றுவிட்டது அவர் பேச்சு.

சித்ரகலா போனை நீட்டினாள். படத்தில் அந்தச் சதுரம், அந்தத் துணி, அந்த முடிச்சு. லிங்கசாமி வாங்கிப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஊசி டப்பாவை எடுத்துத் திறந்தார். ஊசிகளுக்கு நடுவில், எண்ணெய் ஒட்டாதபடி துணியில் சுற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளித் தகடு.

"தொலைச்சுறாம வெச்சிருக்கறனுங்க," என்றார்.

இந்த இரைச்சலில் வேண்டாம் என்று மருதாசலம் வாசலைக் காட்டினான்.

ஷெட்டுக்கு வெளியே, நூல் கோன் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த சுவரோரம் நின்று அவர் சொன்னார்.

"பொழுதன்னிக்கும் அது முன்னாலயேதான் உக்காந்திருப்பானுங்க. அரியர் பரிச்சை வருது. அடிக்கற வயசைத் தாண்டிட்டான். அதைத் தூக்கி எறிஞ்சா ஊட்டை விட்டுப் போயிருவானோன்னு பயம். ரெண்டு இருக்குதுப்பா, ரெண்டு இருக்குதுப்பான்னு அவனேதான் நூறு தடவை சொல்லியிருக்கறான். எப்புடிக் கழட்டறது, எப்புடி மாட்டறதுன்னு போன்ல படம் போட்டுக் காட்டுனதும் அவன்தான். ஒண்ணை எடுத்து வெச்சா பாதி வேகத்துல ஓடும், சலிச்சுப்போயி புஸ்தகத்தை எடுப்பான்னு நெனச்சனுங்க. பரிச்சை முடிஞ்சதும் அவனுக்குத் தெரியாம வெச்சுறலாம்னு. அது மொத்தமா நின்னு போகும்னு எனக்குத் தெரியாதுங்க அம்மிணி."

"நின்னு போனது தெரிஞ்சப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"நின்னதும் நல்லதாப் போச்சுன்னு நெனச்சனுங்க."

அதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். சித்ரகலா தரையைப் பார்த்தாள்.

"சிவராஜு ஜெயில்ல இருக்கறாருங்ணா. நாளைக்குக் கோர்ட்டு."

"தெரியுமுங்க. நெதமும் சொல்லிறோணும்னுதான் எந்திரிக்கறேன். ஊட்டுல அவ மூஞ்சியைப் பாத்தா வாய் வரமாட்டீங்குது." டப்பாவை மூடினார். "நாளைக்கு நானே வந்து சொல்லிக்கறனுங்க. ஆனா வக்கீலு வாயில இருந்து அவளுக்குத் தெரியப்படாது. இப்பவே போலாம். நான் சொல்றப்ப நீங்க அங்க இருங்க."

உள்ளே போய் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். மருதாசலத்தின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ராமாத்தாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நேரம் கெட்ட நேரத்தில் வந்த கணவனையும், பின்னாலேயே வந்த இருவரையும் பார்த்து எழுந்தாள். லிங்கசாமி உள்ளே போய், பையன் அறையின் நிலைப்படியில் நின்று, டப்பாவைத் திறந்து காட்டிச் சொன்னார். ஷெட்டில் சொன்ன அதே வார்த்தைகள்தான். இங்கே இரைச்சல் இல்லாததால் ஒவ்வொன்றும் தனியாக விழுந்தது.

ராமாத்தாள் கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று சித்ரகலா எதிர்பார்த்தாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைக்காமலே கடைசிவரை கேட்டாள். ஆயிரம் பனியனில் ஒரு தையல் விட்டதைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற கண்கள் அவளுடையவை.

"ஏனுங்க," என்றாள். "அன்னைக்குக் காத்தால நீங்க ஊட்டுலதான இருந்தீங்க?"

"ஆமா."

"பையன் உங்களைக் கேட்டானா?"

லிங்கசாமி ஊசி டப்பாவை மூடினார்.

"டூல்ஸ் டப்பா பூட்டியிருந்துச்சு. சாவி உங்க அரைஞாண் கவுத்துலதான் இருக்குது. குளிக்கறப்பக்கூட நீங்க அதைக் கழட்டறதில்ல." குரல் உயரவே இல்லை. "திருப்புளியை அவனா எடுத்தானா? நீங்க குடுத்தீங்களா?"

மதியமே இந்தப் பெண் வாசலில் நின்று இதைத்தான் சொன்னாள். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த சித்ரகலா இதை மட்டும் காதில் வாங்கியும் எடுக்காமல் விட்டிருந்தாள்.

லிங்கசாமி வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். முடிச்சு அத்தனை சின்னதாக இருந்ததால் அவிழ்க்க நேரமாயிற்று. சாவியை எடுத்து, அறைக்குள் போய் மேஜைமேல், அந்தத் துணி மூடிய சதுரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"டெஸ்டரும் கேட்டான்," என்றார். "பவர் வருதான்னு பாக்கோணும்னான். திறந்து பாப்பான், ஒண்ணும் புரியாது, மூடிட்டுப் படிக்க உக்காருவான்னு நெனச்சேன். குடுத்துட்டுக் கடைக்குப் போனேன்."

ராமாத்தாள் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சித்ரகலா மருதாசலத்தின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் தெருவுக்கு வந்தார்கள். மருதாசலம் தன் வண்டியில் சாவியைப் போட்டான், திருகவில்லை. எப்போதும் இப்படியான நேரத்தில் அவன் ஏதாவது சொல்வான், அவள் திட்டுவாள்.

கோமளாவுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். போனை எடுத்தாள். ஒரே மணியில் கோமளா எடுத்துவிட்டாள்.

"கோமளா, நாளைக்கு அவரு வந்துருவாரு. அவரு மேல தப்பில்ல. பையனோட அப்பாவே கோர்ட்டுல வந்து சொல்றாரு."

அந்தப் பக்கம், இத்தனை நாள் ஒரு சொட்டும் விடாதவள், வாய்விட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். நடுவில் சிரித்தாள். யாரையோ கூப்பிட்டுச் சொன்னாள். மறுபடி அழுதாள். ஒலி அத்தனை பெரிதாகக் கேட்டதால் சித்ரகலா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி நின்றாள்.

உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.